பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க் செயலிழந்தால்: அறிகுறியிலிருந்து தீர்வு வரை

திருகோணமலையில் இன்னும் எத்தனையோ மேசைகளில் பென்டியம் 4, கோர் 2 டுவோ காலத்துக் கணினிகள் உழைத்துக்கொண்டிருக்கின்றன. என்.சி. வீதியில் புகைப்பட நிலையங்கள், உப்புவெளியில் தனியார் வகுப்பு நடத்துபவர்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் பில் போடும் கடைகள், உவர்மலையில் ஓய்வுபெற்றவர்களின் வீடுகள் என்று எங்கும் காணலாம். இவற்றில் முதலில் ஓய்ந்துபோவது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். புதியதை வாங்கிப் போட்டால் கணினி பழையபடி ஓடும். ஆனால் பழைய டிஸ்க்கில் இருந்தவை திரும்பக் கிடைக்குமா என்பது, பழுது தெரிந்த முதல் மணிநேரத்தில் நீங்கள் எதைச் செய்கிறீர்கள், எதைச் செய்யாமல் விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எங்கள் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடப்பெயர்விலும் 2004 ஆழிப்பேரலையிலும் ஆல்பங்களை இழந்த குடும்பங்கள், உறவினர்களிடம் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து சேர்த்த படங்களை ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட டிஸ்க்கைத் திருத்தத் தொடங்காதீர்கள். முதலில் நகல் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் கணினி காட்டும் அறிகுறிக்குரிய பகுதியை மட்டும் படித்தால் போதும். நகலெடுப்பது பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

திரையில் 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' என்று வந்து நிற்கிறது

இந்த வரியைக் கண்டவுடன் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவர், "தம்பி, டிஸ்க் போய்விட்டது, இதைப் போட்டுத் தாருங்கள்" என்று புதிய டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டே வந்தார். அவருடைய கணினியின் பின்புறம் ஒரு பென் டிரைவ் செருகப்பட்டிருந்தது. அதைக் கழற்றியதும் விண்டோஸ் எழுந்துவிட்டது. ஆகவே வெளியே செருகியிருக்கும் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள்.

அடுத்து பயோஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னே மதர்போர்டிலிருந்து ஓடும் அமைப்புத் திரைக்குள், போய்த் திகதியைப் பாருங்கள். அது பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரி தீர்ந்திருக்கிறது. புதியது 3 வோல்ட் காட்டும். அது இறங்கியதும் பயோஸ் தன் இயல்பு அமைப்புக்குத் திரும்பிவிடும். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசை மாறும், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா இயங்கும் முறையும் மாறலாம். முறை மாறினால் விண்டோஸ் தொடங்கும் வேளையில் 0x0000007B என்ற எண்ணுடன் நீலத்திரை வரும். இதை டிஸ்க் பழுது என்று எண்ணி விண்டோஸை மீண்டும் நிறுவி, நல்ல நிலையில் இருந்த கோப்புகளை அழித்துக்கொண்டவர்கள் உண்டு. பற்றரியை மாற்றுங்கள். பயோஸில் சாட்டா முறை ஏஎச்சிஐ என்றிருந்தால் ஐடிஇ என்றும், ஐடிஇ என்றிருந்தால் ஏஎச்சிஐ என்றும் மாற்றிப் பாருங்கள். இரண்டில் ஒன்றில் கணினி எழும்.

பயோஸ் டிஸ்க்கின் பெயரையே காட்டாவிட்டால் கேபிள்களுக்கு வாருங்கள். சாட்டாவுக்கு முந்திய, பட்டையான ஐடிஇ கேபிள் என்றால் நீல முனை மதர்போர்டுக்கும் கறுப்பு முனை முதன்மை டிஸ்க்குக்கும் உரியவை. நடுவிலுள்ள சாம்பல் முனை இரண்டாவது டிஸ்க்குக்கு. சாட்டா என்றால் வேறொரு கேபிளையும், மதர்போர்டில் வேறொரு செருகியையும் முயலுங்கள். கடற்காற்று படும் வீடுகளில் இந்தச் செருகிகளின் உலோகப் பற்களில் மங்கலான படிவு சேர்ந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். உள்துறைமுக வீதிப் பக்கமிருந்து வரும் கணினிகளில் இந்தத் துடைப்பே பல வேளைகளில் போதுமாக இருக்கிறது.

டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது

உடனே நிறுத்துங்கள். விண்டோஸை முறைப்படி மூடிக்கொண்டிருக்கவும் வேண்டாம், மின்சாரத்தை வெட்டுங்கள். தகட்டில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் வாசிக்கும் தலை முன்னும் பின்னும் போய்வரும் சத்தம் அது. தலை பழுதாகி இருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் தகட்டின் காந்தப் பூச்சு சுரண்டப்படலாம். சுரண்டப்பட்டதை எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்ற யோசனை இன்னும் உலவுகிறது. நமது ஈரப்பதத்தில் இது மிகக் கெட்ட யோசனை. குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் அதன் மீதும் உள்ளும் நீர் படியும். பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்று போய்வரச் சிறு துளை ஒன்று இருக்கிறது. மேசையில் தட்டுவதும் மூடியைத் திறந்து பார்ப்பதும் இதைவிடக் கெடுதி. அதே மாதிரி டிஸ்க் ஒன்றின் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி மாற்றினாலும் சரிவராது, ஏனெனில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுத்திருத்த விபரங்கள் பெரும்பாலும் அந்தப் பலகையிலுள்ள சிறு நினைவகச் சில்லில் பதிந்திருக்கும். அதையும் பெயர்த்து ஒட்டினால்தான் பயன் உண்டு. கோப்புகள் விலைமதிப்பற்றவை என்றால், தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து மீட்கும் வசதியுள்ள இடத்துக்கு அதை அப்படியே கொடுங்கள். செலவு மிகும். செலவழிக்க முடியாவிட்டால் உறையிலிட்டுப் பத்திரமாக வையுங்கள். இயங்காமல் கிடக்கும் டிஸ்க்கில் இந்தச் சுரண்டல் நடக்காது.

கணினி மிக மெதுவாகிவிட்டது, கோப்புகள் பாதியில் நிற்கின்றன

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்புகள் உண்டு. அவற்றுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அவற்றைக் காட்டும். நீண்ட பட்டியலில் நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது திருத்த முடியாதவை. இந்த மூன்றில் ஒன்று பூச்சியத்துக்கு மேலே போய், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டும் இருந்தால் டிஸ்க் போகப்போகிறது. நான்காவதான சி7 வேறு கதை. மற்ற மூன்றும் பூச்சியமாக இருக்க அது மட்டும் ஏறினால் கோளாறு கேபிளில்தான். சில நூறு ரூபாய்க் கேபிளை மாற்றினால் தீரும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு டிஸ்க்கில் ஆறு முறை பரிமாற்றப் பிழை வந்தால் எக்ஸ்பி அதிவேக டிஎம்ஏ முறையைக் கைவிட்டுப் பிஐஓ என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிய பிறகும் தானாக ஏறாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் பழைய வேகம் திரும்பும்.

சி5 ஏறியிருக்கிறதா? அப்படியென்றால் விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதிக்கும் கருவியான செக் டிஸ்க்கை ஓடவிடாதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. அது ஒழுங்காக்குவதற்காக எழுதப்பட்டது, மீட்பதற்காக அல்ல. வாசிக்க முடியாத இடங்களை மறுபடி மறுபடி தொட்டு, தளர்ந்த டிஸ்க்கை மணிக்கணக்கில் வருத்தும். கோப்பு அட்டவணையில் பொருந்தாத பதிவுகளை வெட்டியெறியும். கல்யாணப் படங்கள் இருந்த கோப்புறை அதன்பின் காலியாகத் தெரிவது இதனால்தான். கணினி தொடங்கும்போது அது தானாக ஓட முனைந்தால், எண்ணிக்கை முடியுமுன் ஒரு விசையை அழுத்தித் தடுத்து, கணினியை நிறுத்திவிடுங்கள்.

நகலெடுப்பது: எல்லோருக்குமான பகுதி

இதற்கு ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளை நம்புகிறேன். சிஸ்டம் ரெஸ்கியூ என்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றினால் அதற்குள்ளேயே கிடைக்கும். சாதாரண நகல் மென்பொருள்கள் முதற் கெட்ட பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்கியூ அதைத் தாண்டிப் போய், எளிதாக வாசிக்க முடிவதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். சாகும் நிலையிலிருக்கும் டிஸ்க்குக்கு இந்த ஒழுங்குதான் பொருந்தும், ஏனெனில் அது எப்போது நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய டிஸ்க்கையும் புதியதையும் நேரடியாகச் சாட்டா செருகிகளில் இணைப்பது நல்லது. யுஎஸ்பி 2 வழியாகச் செய்தால் நொடிக்கு 30 எம்பி அளவுதான் நகரும். 500 ஜிபி டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் நாலரை மணிநேரத்துக்கு மேல் ஆகும். மிகப் பழைய 32 பிட் கணினிகளில் இன்றைய லினக்ஸ் பதிப்புகள் பல இயங்குவதில்லை. அப்போது இரண்டு டிஸ்க்குகளையும் புதிய கணினி ஒன்றுக்கு மாற்றிச் செய்யுங்கள். பழைய டிஸ்க்கை லினக்ஸில் திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். திறக்காமலே நகலெடுக்கலாம்.

கட்டளையில் முதலில் வருவது பழைய டிஸ்க், இரண்டாவது புதியது, மூன்றாவது வரைபடக் கோப்பு. முதலிரண்டும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே டிஸ்க்குகளின் தொடர் எண்களை முன்கூட்டியே தாளில் குறித்து, திரையில் காட்டும் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டரை அழுத்துங்கள்.

வரைபடக் கோப்பு எங்கள் ஊருக்கு மிக முக்கியம். எதுவரை எடுத்தாயிற்று, எது பாக்கி என்று டிடிரெஸ்கியூ அதில்தான் குறித்துக்கொள்கிறது. நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால், அந்தக் கோப்பு இருக்கும்வரை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் சாதாரணமாகக் கணினியின் நினைவகத்தில்தான் கோப்புகளை வைக்கும்; மின்சாரம் போனால் அவையும் போகும். எனவே இன்னொரு பென் டிரைவைச் செருகி, வரைபடக் கோப்பை அதில் எழுதச் சொல்லுங்கள். யுபிஎஸ் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பின்னேரத்து இடிமழை தொடங்குமுன் முடியும்படி காலையிலேயே ஆரம்பித்துவிடுவது என் வழக்கம்.

டிஸ்க்கில் கெட்ட பகுதி எதுவுமில்லை, பெரியதுக்கு மாறத்தான் விரும்புகிறீர்கள் என்றால் குளோன்சில்லா என்ற இலவச நகல் மென்பொருள் போதும், வேகமாகவும் முடியும். புதிய டிஸ்க் பழையதன் அளவுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு பெரியது வாங்கலாம்?

பழைய கணினிகளுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது 137 ஜிபி. ஏறத்தாழ 2002க்கு முந்திய பயோஸ்கள் டிஸ்க்கின் பகுதிகளை எண்ண 28 பிட் மட்டுமே பயன்படுத்தின. அதற்கு மேல் அவற்றால் எண்ண முடியாது. இரண்டாவது 2.2 டெராபைட். எம்பிஆர் என்ற பழைய பிரிவினை அட்டவணை அத்துடன் முடிகிறது. அதைத் தாண்ட ஜிபிடி என்ற புதிய அட்டவணை வேண்டும். ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் 7 தொடங்க 64 பிட் பதிப்பும், பயோஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள மதர்போர்டும் வேண்டும். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி புரியவே புரியாது.

ஆகவே கோர் 2 டுவோ காலத்து மேசைக் கணினிக்கு 1 டெராபைட் சாட்டா டிஸ்க்கே என் பரிந்துரை. தேவையானால் 2 டெராபைட் வரை போகலாம். அதற்கு மேலே விலை கொடுத்துச் சிக்கலை வாங்க வேண்டாம். ஐடிஇ மட்டும் உள்ள கணினிக்குப் புதிய ஐடிஇ டிஸ்க் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. சாட்டா டிஸ்க்கை ஐடிஇயோடு இணைக்கும் சிறு மாற்றுப் பலகையோ, பிசிஐ செருகியில் போடும் சாட்டா கார்டோ வாங்க வேண்டும்.

பாவித்த டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஸ்மார்ட் பட்டியலில் 09 வரியைப் பாருங்கள். அது எத்தனை மணிநேரம் ஓடியது என்று காட்டும். ஓர் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் ஓடினால் 8,760 மணி. 30,000ஐத் தாண்டியது என்றால், குடும்பப் படங்களை நான் அதில் வைக்க மாட்டேன்.

சுழலும் டிஸ்க்குக்குப் பதில், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விண்டோஸ் 7க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். பழைய சாட்டாவிலும் வேறுபாடு முதல் நாளே தெரியும். அதைத் தொடக்கத்துக்கு வைத்து, படங்களைப் பெரிய சுழலும் டிஸ்க்கில் வைப்பதே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

புதிய டிஸ்க்கின் அளவு குறைவாகத் தெரிகிறது

500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 1 டெராபைட் 931 என்றும் தெரிந்தால் ஒரு குறையும் இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024ஆல் கணக்கிடுகிறது. கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ஏறக்குறைய 128 என்று நின்றால் மேலே சொன்ன 137 ஜிபி எல்லையில் முட்டியிருக்கிறீர்கள். பயோஸுக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். எக்ஸ்பியாக இருந்தால் குறைந்தது சேர்விஸ் பக் 1 நிறுவப்பட்டிருக்க வேண்டும். இதை அலட்சியம் செய்யாதீர்கள்: எல்லையை அறியாத முறைமை 137 ஜிபிக்கு அப்பால் எழுத முயன்றால், எழுத்து சுற்றிவந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் விழும். அங்குதான் கோப்பு அட்டவணை இருக்கிறது. 3 டெராபைட் டிஸ்க் 746 ஜிபி மட்டும் காட்டினால் அது 2.2 டெராபைட் எல்லையின் அடையாளம்.

நகலெடுத்த பிறகு புதிய டிஸ்க் பழையதன் அளவையே காட்டுகிறது என்றால், மீதி இடம் ஒதுக்கப்படாமல் பின்னால் கிடக்கிறது. விண்டோஸ் 7இன் டிஸ்க் மேனேஜ்மென்டில் பிரிவை நீட்டலாம், ஆனால் வெற்றிடம் அந்தப் பிரிவுக்கு உடனடி வலப்பக்கம் இருந்தால் மட்டுமே. இடையில் வேறொரு பிரிவு இருந்தால், பிரிவுகளை மாற்றியமைக்கும் ஜிபார்டட் என்ற மென்பொருளைக் கொண்டு அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு நீட்டுங்கள்.

புதிய டிஸ்க்கைக் கணினி கண்டுகொள்ளவில்லை

வியா நிறுவனத்தின் விடி8237 சில்லு உள்ள பழைய மதர்போர்டுகள் பல, வேகமான சாட்டா டிஸ்க்கோடு இணங்கிப் பேசத் தெரியாதவை. டிஸ்க்கின் பின்புறம் வேகத்தை 1.5 கிகாபிட்டாகக் குறைக்கும் ஜம்பர் (முட்களில் மாட்டும் சிறு துண்டு) இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். இல்லையென்றால் பிசிஐ கார்டுதான் வழி.

டிஸ்க் சுழலவே இல்லை என்றால் மின்சாரச் செருகியைப் பாருங்கள். பழைய பவர் சப்ளையில் சாட்டா செருகி இல்லாததால் நான்கு முள் செருகியிலிருந்து மாற்றும் வயர் வாங்குவார்கள். வயர்களைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்துவிட்ட வகையை வாங்காதீர்கள். உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டு எரிந்திருக்கின்றன. ஒவ்வொரு வயரும் தனித்தனியே கவ்வப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்பி நிறுவும் திரையில் டிஸ்க் இல்லை என்று வந்தால் பயோஸில் சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றுங்கள்.

நகலெடுத்தாயிற்று, ஆனால் விண்டோஸ் எழவில்லை

நகலெடுத்த பின் முதல் முறை தொடங்கும்போது பழைய டிஸ்க்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டிருப்பதால் விண்டோஸ் குழம்பி, சி என்ற எழுத்தைத் தவறான டிஸ்க்குக்குக் கொடுத்துவிடலாம். 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வந்தால் விண்டோஸ் 7 நிறுவும் டிவிடியிலிருந்து தொடங்கி, ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓடவிடுங்கள். ஒரே முறையில் எல்லாம் சரியாகாமல் போகலாம். மூன்று முறை வரை தேவைப்படலாம். செக் டிஸ்க்கையும் இப்போது புதிய டிஸ்க்கில் ஓடவிடலாம், பழையது பத்திரமாக வெளியே இருப்பதால் பயமில்லை.

எக்ஸ்பியை மாற்றியபின் புதிய டிஸ்க் மந்தமாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கும். 2011க்குப் பிந்திய டிஸ்க்குகள் பெரும்பாலும் உள்ளே 4,096 பைட் துண்டுகளாக எழுதுகின்றன. எக்ஸ்பி 512 பைட் கொண்ட சிறு பகுதிகளாக எண்ணி, தன் பிரிவை 63ஆவது பகுதியில் தொடங்குகிறது; ஒரு துண்டு அப்படிப்பட்ட எட்டுப் பகுதிகள். அது எட்டால் வகுபடாததால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு துண்டுகளில் விழுகிறது. ஜிபார்டட் கொண்டு பிரிவை மெபிபைட் எல்லைக்கு நகர்த்துங்கள்.

மாற்றிய டிஸ்க்கும் சில மாதங்களில் கெட்டுவிட்டது

இப்போது டிஸ்க்கைக் குற்றம் சொல்லாதீர்கள். மல்டிமீட்டரால் பவர் சப்ளையைச் சோதியுங்கள்: மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில், சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். வெளியே இருந்தால் பவர் சப்ளையை மாற்றுங்கள். அதன் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

சுவர்ச் செருகியில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். இடி இடிக்கும்போது யுபிஎஸ்ஸை அணைப்பதோடு நிறுத்தாமல், ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். அந்த வழியாகவும் மின்னல் வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஸ்மார்ட் பட்டியலில் வெப்பநிலையைக் கவனியுங்கள். 45 பாகைக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 50ஐத் தாண்டினால் பெட்டியின் முன்புறம் டிஸ்க்குக்கு நேரே ஒரு விசிறி பொருத்துங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே எறியவோ விற்கவோ வேண்டாம். படங்களைத் திறந்து, பெரிதாக்கி, நடுவில் சாம்பல் பட்டை விழாமல் முழுமையாக வருகின்றனவா என்று பாருங்கள். கணக்குக் கோப்புகளை அந்தந்த மென்பொருளிலேயே திறந்து பாருங்கள். எல்லாம் சரியென்று உறுதியான பிறகும், இன்னொரு நகல் வேறொரு வீட்டில் சேரும்வரை பழைய டிஸ்க்கை உறையிலிட்டு, மேலே திகதி எழுதி அலுமாரியில் வையுங்கள். அதன்பின் யாருக்காவது கொடுப்பதானால் முழுவதும் பூச்சியத்தால் நிரப்பி அழித்துக் கொடுங்கள். இயங்காத டிஸ்க் என்றால் தகட்டைத் துளையிட்டுவிட்டுக் கழித்துவிடுங்கள்.